கிரயம் முடிஞ்ச ஊடு

வாங்க தம்பி, உள்ள வாங்க. செருப்போடவே வாங்க, பரவாயில்லீங்க. கோர்ட்டுல இருந்துதானே? கையில பையை வெச்சுக்கிட்டு ஒவ்வொரு ஊட்டு நம்பரா பார்த்துக்கிட்டு வந்தப்பவே நெனச்சேன். அமீனாங்களா? சரி, சரி. உங்களை மாதிரியே ஒருத்தர் போன மாசம் வந்து கதவுல காகிதம் ஒட்டிட்டுப் போனாரு. அவரு வயசானவரு, ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்கலை. நீங்க உட்காருங்க. போலீஸ்காரம்மா வரணுமா? ஜெகதீசனும் லாரியும் அப்பறந்தானா? அப்ப நின்னுக்கிட்டே எத்தனை நேரம் இருப்பீங்க. அந்த நாற்காலி ஆடாது, உட்காருங்க. ஃபேன் சுத்தாது, கரண்ட் இல்லை. இந்தாங்க விசிறி.

நான் போகமாட்டேன்னு சொல்லலீங்க. அதை மொதல்ல குறிச்சுக்கங்க. இந்த ஊட்டை வித்தாச்சு, கிரயம் முடிஞ்சு போச்சு, நானும் கையெழுத்துப் போட்டிருக்கறேன். ஊடு ஜெகதீசனுது. அதுல எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. போகமாட்டேன்னு சொன்னது எங்கூட்டுக்காரர். நாச்சிமுத்து. உங்க காகிதத்துலயும் மொதல் பேரு அவருதுதான், அதுக்குக் கீழதான் துளசிமணின்னு எம்பேரு. மொத ஆளு இப்ப இங்க இல்லை. அதனால நான் பேசறேன்.

அவரு கெட்ட மனுசன் இல்லீங்க. அதையும் சொல்லிப்போடறேன். மில்லுல வேலை பார்த்தவரு. மிசின் சத்தத்துலயே முப்பது வருசம் நின்னு காது மந்தமாப் போச்சு. காது மந்தமானா சில பேரு கத்திக் கத்திப் பேசுவாங்க. இவரு பேச்சையே கொறைச்சுக்கிட்டாரு. மில்லை மூடறப்பக் குடுத்ததை வெச்சு இந்த இடத்தை வாங்கி, இந்த ஊட்டைக் கட்டினோம். அப்ப இங்க சோளக்காடு. எங்களுதோட சேர்த்து நாலே ஊடு. இப்பப் பாருங்க.

எங்களுக்கு ஒரே பையன், லோகநாதன். ஓசூர்ல கம்பெனி வேலை. அங்கயே பிளாட் பார்த்தான். மருமகளும் வேலைக்குப் போறவ. பேரன் பொறந்தான். 'ஏம்மா நீங்க ரெண்டு பேரும் அங்க தனியாக் கெடக்கறீங்க, ஊட்டை வித்துட்டு இங்கயே வந்துருங்க, பெரிய பிளாட்டா எடுத்துக்கலாம், உங்களுக்குன்னு ஒரு ரூம் இருக்கும்'னான். எனக்கு ஆசைதான். ஏன் பொய் சொல்லணும்? பேரன் தவழறதைப் போன்லதான் பார்த்தேன். அந்தக் கொழந்தைக்குத் தண்ணி வார்த்துத் தூக்கி வெச்சுக்கணும்னு கையெல்லாம் ஊறும்.

பையன் போன்ல சொல்லச் சொல்ல நானே அவருகிட்ட சத்தமா எடுத்துச் சொன்னேன். மறைக்கலீங்க. அவரு சோத்துல ரசம் ஊத்திக்கிட்டு இருந்தாரு. 'அப்பா என்ன சொல்றாரு?'ன்னு பையன் அந்தப் பக்கம் கேக்கறான். 'ஏனுங்க, என்னங்க சொல்றீங்க?'ன்னேன். 'உங்க இஷ்டம்'னாரு. இஷ்டம்னா என்னங்க அர்த்தம்? சரின்னுதானே? நான் போன்ல, 'சரிங்கறாரு'ன்னு சொன்னேன்.

பொறவு புரோக்கர் வந்தாரு. ஊடு பாக்கறதுக்கு ஆளுக வந்தாங்க. அவிய உள்ள வந்தா இவரு எந்திரிச்சுப் பின்னாடி பொடக்காலிக்குப் போயிருவாரு. போய் அங்க கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு நிப்பாரு. அவிய போன பொறவு வந்து உட்காருவாரு. வேண்டாம்னு சொன்னாரா? சொல்லலை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் நிறுத்தியிருப்பேன். நிறுத்தியிருப்பேனான்னு கேட்டா... நிறுத்தியிருப்பேன்.

ஜெகதீசனும் ஹேமாவும் வந்தாங்க. அந்தப் புள்ள அப்ப முழுகாம இருந்துது, நாலஞ்சு மாசம் இருக்கும். ரெண்டு பேரும் வாடகை ஊட்டுல இருந்தாங்க. வாங்கறதுன்னா இப்பிடி மனுசங்க வாங்கணும்னு எனக்கு அப்பவே பட்டுது. ஹேமா இந்த ஜன்னல்கிட்ட நின்னு, 'இங்க தொட்டில் கட்டலாம்மா'ன்னுது. 'கட்டு கண்ணு'ன்னேன்.

மாசி மாசம் கிரயம். இவரு பேன்ட் சட்டை போட்டுக்கிட்டு வந்தாரு. கைநாட்டு, போட்டோ, கையெழுத்து, எல்லாம் அவங்க காட்டின எடத்துல போட்டாரு. முடிச்சுட்டு எல்லாரும் ஓட்டல்ல சாப்பிட்டோம். நல்லாச் சாப்பிட்டாரு. ரெண்டாவது தடவை பாயசம் கேட்டு வாங்கினாரு. ஜெகதீசன்கூட, 'ஐயாவுக்குச் சந்தோசம்'னு சிரிச்சான். ஊட்டுக்கு வந்தாரு, லுங்கி மாத்தினாரு, இதே நாற்காலியில உட்கார்ந்து பேப்பரை எடுத்துக்கிட்டாரு. அவ்வளவுதான் தம்பி. அதுக்கப்பறம் அவரு கெளம்பவே இல்லை.

சண்டை போடலை, கத்தலை. நான் சாமானம் கட்டினேன். அட்டாலியில இருந்த பித்தளையெல்லாம் எறக்கிச் சாக்குல போட்டேன். தட்டு டம்ளரை அட்டைப்பெட்டியில வெச்சு டேப் ஒட்டினேன். இவரு வந்து டேப்பைப் பிச்சு ஒரு டம்ளரை எடுத்துத் தண்ணி குடிச்சுட்டு, கழுவி, அலமாரியிலயே வெப்பாரு. சோத்து நேரத்துக்கு ஒரு தட்டை எடுப்பாரு. மறுநாளு ஒரு வேட்டி. அப்பறம் கண்ணாடிக் கூடு. வேணும்னு செய்யற மாதிரியே இருக்காது. எனக்கு வேணுங்கறது, எடுத்தேன், அவ்வளவுதான்கற மாதிரி. நான் கட்டக் கட்ட அந்தப் பக்கம் பெட்டி காலியாயிட்டே வந்துது. ஒரு கட்டத்துல நானே கொழம்புக் கரண்டியத் தேடிப் பிரிச்சேன். பிரிச்சதைத் திருப்பிக் கட்டலை. எனக்கும் கை வலிச்சுப் போச்சு.

சொன்ன தேதிக்கு ஜெகதீசன் வந்தான். இவரு, 'வாங்க தம்பி, உட்காருங்க'ன்னாரு. என்னைக் காப்பி வெக்கச் சொன்னாரு. காப்பி குடிச்சு முடிச்சுட்டு அவன் மெதுவாக் கேட்டான்.

'ஐயா, எப்பக் காலி பண்றீங்க?'

'யாரு காலி பண்றாங்க?'

'வித்துட்டீங்களேங்க.'

'ஆமா, வித்தேன். ஊடு உங்களுதுதான் தம்பி. அதுல ஒண்ணும் மாத்தமில்லை.'

'அப்ப நாங்க எப்பங்க வர்றது?'

'வாங்க, எப்ப வேண்ணாலும் வாங்க. உங்க ஊடு. நான் இங்க இருக்கறேன்.'

'ஐயா, கையெழுத்துப் போட்டீங்களேங்க!'

'கையெழுத்துத்தான் போட்டேன். போறேன்னு எங்க சொன்னேன்?'

அந்தப் பையன் மொகத்தைப் பார்க்கணும் தம்பி நீங்க. சிரிக்கறதா, கோவிச்சுக்கறதான்னு தெரியாம என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் டம்ளரை எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டேன். எனக்கென்ன தெரியும்?

லோகு லீவு போட்டுட்டு ஓடி வந்தான். வந்த பணமெல்லாம் அவன் பிளாட்டுக்குப் போயிருச்சு, திருப்பிக் குடுத்துக் கிரயத்தை ரத்துப் பண்றதுக்கும் வழியில்லை. கத்தினான். 'அப்பா, என்னை ஏமாத்துக்காரன் ஆக்கறீங்க. போலீஸ் ஸ்டேசன்ல எம்பேரைச் சொல்றாங்க'ன்னான். இவரு பேப்பர்ல இருந்து தலையைத் தூக்கி, 'சாப்பிட்டுட்டுப் போ, துளசி பருப்பு வெச்சிருக்கறா'ன்னாரு. டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனான், மூளையில ஏதாவது கோளாறோன்னு. டாக்டரு என்னென்னவோ கேட்டாரு, இன்னிக்கு என்ன கிழமை, பிரதமர் யாருன்னு. எல்லாத்துக்கும் சரியாச் சொன்னாரு. 'பிரச்சினை ஒண்ணும் இல்லையே'ன்னுட்டாரு டாக்டரு. பையன் கார்ல வர்றப்பவே அழுதான். கொழந்தையில அழுத மாதிரியே மூக்கைச் சட்டைக் கையில தொடைச்சுக்கிட்டு அழுதான். இவரு ஜன்னல் வழியா வெளிய பார்த்துக்கிட்டு வந்தாரு.

அதுக்கப்பறம் பையன் அவருகூடப் பேசலை. எனக்கு மட்டும் போன் பண்ணுவான். மொதல்ல தெனமும் பண்ணினான்.

ஒரு நாளு ஹேமா மட்டும் தனியா வந்துது. வயிறு நல்லாத் தெரிய ஆரம்பிச்சிருந்துது. அவிய வாடகை ஊட்டையும் விட்டாச்சு, அந்தப் புள்ள அண்ணனூட்டுல போய் இருந்துது, அங்க அண்ணிக்கும் இதுக்கும் ஒத்துப் போகலை. ஒரு தூக்குல அரிசிம்பருப்புச் சோறு செஞ்சு எடுத்துட்டு வந்திருந்துது. இவரு முன்னாடி கீழ உட்கார்ந்து, 'அப்பா, நாங்க ஏதாவது தப்புப் பண்ணிட்டமா? எங்களுக்கு ஒரு வழி சொல்லுங்க'ன்னு கேட்டுது.

இவரு எந்திரிச்சாரு. 'வா அம்மிணி'ன்னு கூட்டிட்டுப் போயி ஊடு பூராச் சுத்திக் காட்டினாரு. மோட்டாருக்கு எப்பிடி மொதல்ல தண்ணி ஊத்தி ஓட்டறது, பாத்ரூம் குழாய் எந்தப் பக்கம் அடைச்சுக்கும், ஐப்பசி மழைக்கு எந்த மூலையில ஓதம் ஏறும், எல்லாம் சொன்னாரு. அத்தனை நாளுல அவரு அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. சத்தமா, ஆசையாச் சொன்னாரு. ஹேமா எல்லாத்துக்கும், 'சரிங்கப்பா, சரிங்கப்பா'ன்னுது. அதுக்கு மொகமெல்லாம் தெளிஞ்சு போச்சு. போறப்ப எங்காதுல, 'மனசு மாறிட்டாருங்கம்மா'ன்னு சொல்லிட்டுப் போச்சு. நானும் அப்பிடித்தான் நெனச்சு அன்னிக்கே திருப்பி ஒரு பெட்டியை எடுத்தேன்.

அவரு வந்து உட்கார்ந்தாரு. பேப்பரை எடுத்தாரு. 'நல்ல புள்ள'ன்னாரு. அவ்வளவுதான்.

அதுக்கு மேல யாருக்குத்தான் பொறுமை இருக்கும்? ஜெகதீசனை நான் குத்தம் சொல்லமாட்டேன். கரண்ட் கனெக்சன் அவன் பேருக்கு மாறியிருந்துது, எழுதிக் குடுத்து நிறுத்திப்போட்டான். நல்ல சித்திரை வெயில். மோட்டாரும் ஓடாது. பக்கத்தூட்டுல கொடத்துல தண்ணி வாங்கினேன். மொதல் ரெண்டு நாளு குடுத்தாங்க, பொறவு கேட்டைப் பூட்டிக்கிட்டாங்க, கோவில் கொழாய்லதான் பிடிச்சுட்டு வந்தேன். அவியளுக்கும் சங்கடம். 'ஏமாத்தி வித்துட்டு உட்கார்ந்திருக்குதுங்க'ன்னு தெருவுல பேசினாங்க. கடைக்குப் போனா பேசிக்கிட்டு இருக்கறவங்க நிறுத்திக்குவாங்க. ஆட்டி வெச்ச மாவெல்லாம் புளிச்சுப் போச்சு. இவரு இருட்டினா படுத்துக்கிட்டாரு, விடிஞ்சா எந்திரிச்சாரு. இந்த விசிறி அவரு அப்ப வாங்கினதுதான்.

அப்பறம் கோர்ட்டுல இருந்து காகிதம் வந்துது. வாங்கி வெச்சாரு. வாய்தாவுக்குப் போகலை. வக்கீல் வெக்கலை. 'போய் என்னன்னு சொல்றது? அந்தத் தம்பி சொல்றதெல்லாம் நெசந்தானே'ன்னாரு.

எனக்கு எப்பிடி இருந்திருக்கும்னு நெனச்சுப் பாருங்க. அங்க பேரன் நடக்க ஆரம்பிச்சுட்டான். போன்ல மருமக காட்டறா. சார்ஜு கோவில்ல போய்ப் போட்டுட்டு வருவேன், அது தீர்றதுக்குள்ள ரெண்டு அடி எடுத்து வெக்கறதைப் பார்ப்பேன். ஒரு நாளு சோறு போட்டுக்கிட்டே சொன்னேன். நான் என்ன பெருசாச் சொன்னேன்? எல்லாப் பொம்பளைங்களும் சொல்றதுதான். 'உங்களாலதான் நான் எம்பேரன் மொகத்தைப் பாக்காம இந்த இருட்டுல கெடக்கறேன். நீங்க செத்தாத்தான் எனக்கு விடிவு'ன்னேன்.

அவருக்குக் காது மந்தம். கேட்டுதோ என்னமோ. 'என்ன?'ன்னாரு. திருப்பிச் சத்தமாச் சொன்னேன்.

மோர் ஊத்திக்கிட்டு மீதிச் சோத்தையும் சாப்பிட்டாரு. தட்டைக் கழுவி வெச்சாரு. காலையில எந்திரிச்சுப் பார்த்தா ஆளைக் காணோம். பால் வாங்கப் போயிருப்பாருன்னு நெனச்சேன். வெயில் ஏறுற வரைக்கும் அப்பிடித்தான் நெனச்சேன். ரெண்டு வேட்டி, ஒரு துண்டு, மாத்திரை டப்பா, அதுமட்டும் இல்லை. போனை டிவி மேல வெச்சுட்டுப் போயிருந்தாரு.

அந்தக் கரண்டை நிறுத்தினதுலதான் அவரு மனசு விட்டுப் போச்சுன்னு நெனக்கறேன். இல்லைன்னா அந்தக் கோர்ட்டுக் காகிதம். என்னதான் இருந்தாலும் பேரு போட்டு வந்தா ஒரு மாதிரி இருக்குமில்லீங்க. அதுக்கு முன்னாடி நல்லாத்தானே இருந்தாரு?

லோகு வந்து போலீஸ்ல எழுதிக் குடுத்தான். போட்டோ குடுத்தோம். அப்பறம், 'இனி உனக்கு இங்க என்னம்மா வேலை, வா'ன்னு என்னைக் கார்ல ஏத்திக்கிட்டான். நானும் போனேன். பேரனைப் பாக்கப் போறோம்னு இருந்துது. பாத்தேன். நல்லாக் கொழுகொழுன்னு இருக்கறான். எங்கிட்ட வரமாட்டேனுட்டான், நான் அவனுக்குப் புது ஆளுதானுங்களே. அவனை மருமகளோட அம்மாதான் பார்த்துக்கறாங்க. நாங்க வர லேட்டாயிட்டே போச்சு, மருமகளுக்கு லீவு முடிஞ்சு போச்சு, அவங்களை வரச் சொல்லிட்டாங்க. நல்ல பொம்பளை. எனக்கு எச்சா நெய் ஊத்திப் போட்டாங்க. எங்களுக்குன்னு பையன் சொன்ன ரூம் இருக்குது. நல்ல காத்தோட்டமான ரூம். அதுல அவங்க கட்டில் போட்டிருக்கறாங்க, கொழந்தையும் அவங்ககூடத்தான் தூங்குவான். எனக்கு ஹால்ல பாய் போட்டுக் குடுத்தாங்க. பெரிய டிவி இருக்குது ஹால்ல.

ஒரு வாரம் இருந்தேன். கொழந்தை பாட்டின்னா அந்தம்மாகிட்ட ஓடுவான். அந்தம்மாவே, 'இவங்களும் பாட்டிடா'ன்னு என்னைக் காட்டுவாங்க. அவன் அவங்க சேலைக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்குவான். அவன் சின்னக் கொழந்தை, அவனை என்ன சொல்ல முடியும்? நான் பையன்கிட்ட, 'உங்கொப்பன் திரும்பி வந்தா பூட்டுன ஊட்டைப் பார்த்துட்டு எங்க போவாரு? நான் போய் அங்க இருக்கறேன்'னேன். 'அது நம்ம ஊடு இல்லைம்மா'ன்னான். 'தெரியும்'னேன். பஸ் ஏத்தி விட்டான். டிக்கெட் அவனே எடுத்தான்.

சாவி எங்கிட்டத்தான் இருந்துது. தொறந்தேன். கூட்டிப் பெருக்கினேன். அதுல இருந்து இங்கதான் இருக்கறேன். ஜெகதீசன் வந்து பார்த்தான். ஆளு போயாச்சு, இனி காலிதான்னு நெனச்சுச் சந்தோசமா வந்தான். 'என்னங்கம்மா'ன்னான். 'அவரு வந்துட்டாருன்னா கெளம்பிருவோம் தம்பி'ன்னேன். வந்தாருன்னா போகமாட்டாரே, வரலைன்னா நீங்க போகமாட்டீங்களேன்னு கேட்டான். நல்லாத்தான் கேட்டான்.  வழக்கை அவன் விடலை. நானும் போகலை. கோர்ட்டுக்கும் போகலை.

இல்லீங்க தம்பி, கெடைச்சுட்டாரு. அதைச் சொல்ல வந்துட்டு எங்கெங்கயோ போயிட்டேன். மூணாவது தெரு மயிலாத்தாள் பழனிக்குப் போயிட்டு வந்து சொன்னா. அடிவாரத்துல ஒரு மடத்துல சோறு போடறாங்க, அங்க பந்தியில உங்கூட்டுக்காரரு வாளி தூக்கிட்டுப் போனாரு, கூப்பிட்டேன் காதுல விழலைன்னா. பையனுக்குச் சொல்லலை. மறுநாளே நான் பஸ் ஏறினேன்.

போனேன். மடத்துக்குப் பின்னாடி காய் நறுக்கிக்கிட்டு இருந்தாரு. பூசணிக்காய். மெலிஞ்சு போயிருந்தாரு, ஆனா சட்டை துணியெல்லாம் வெள்ளையா இருந்துது. நான் போய் முன்னாடி நின்னேன். ஏறிட்டுப் பார்த்தாரு. ஓடி வரலை, திடுக்குனு ஆகலை. 'வா, பந்தி உட்காரப் போறாங்க, எடம் பிடி'ன்னாரு.

போய் உட்கார்ந்தேன். எல போட்டாங்க. இவரே வாளியோட வந்தாரு. கல்யாணம் ஆன நாளா அவரு எனக்குச் சோறு போட்டதில்லை தம்பி, நான்தான் போட்டிருக்கறேன். ஒரு கரண்டி போட்டாரு. போதும்னு கை காட்டினேன். இன்னொரு கரண்டி போட்டுட்டு அடுத்த எலைக்குப் போயிட்டாரு. நான் அதையும் சாப்பிட்டேன். மீதி வெக்கக் கூடாதுன்னு அங்க எழுதிப் போட்டிருக்குது.

பந்தி முடிஞ்சு வெளிய கொழாய்கிட்ட நின்னோம். அவரே ஆரம்பிச்சாரு.

'ஊட்டைக் காலி பண்ணிக் குடுத்தாச்சா?'

'குடுத்தாச்சுங்க'ன்னேன். ஏன் அப்பிடிச் சொன்னேன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியலை. வாயில வந்துருச்சு.

'பையன்கூட இருக்கறயா?'

'ஆமாங்க.'

'பேரன் உங்கிட்ட ஒட்டிக்கிட்டானா?'

'நல்லா ஒட்டிக்கிட்டானுங்க. விட்டு எறங்கவே மாட்டேங்கறான்.'

'அப்பச் சரி'ன்னாரு. அவரு மொகத்துல ஒரு நிம்மதிங்க. அந்த நிம்மதியை நான் பார்த்தேன். 'அந்தப் புள்ளைக்கு என்ன கொழந்தை?'ன்னு கேட்டாரு. ஹேமாவைக் கேக்கறாரு. 'பொண்ணுங்க'ன்னேன். அது நெசம்.

 உள்ள பாத்திரம் கழுவுற சத்தம். நான்தான் சொன்னேன், 'வாங்க, போலாம்'னு.

'எங்க?'ன்னாரு.

சாதாரணமாத்தான் கேட்டாரு. கோவமா இல்லை, குத்திக் காட்டற மாதிரி இல்லை. வழி கேக்கற மாதிரி, எங்கன்னு கேட்டாரு. இந்த ஊடுன்னு சொல்ல முடியாது, காலி பண்ணியாச்சுன்னு இப்பத்தான் சொன்னேன். ஓசூருன்னு சொல்லலாம். சொன்னா அந்த ஹாலுக்கு ரெண்டு பாய் வேணும்.  பஸ்ஸுக்கு நேரமாச்சுங்கன்னேன். 'சரி, பார்த்துப் போ'ன்னாரு. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வரலை, அடுத்த பந்திக்கு ஆளுக நிக்கறாங்கன்னு உள்ள போயிட்டாரு.

வர்ற வழியெல்லாம் ஒண்ணும் தோணலை. அழுகை வரும்னு பார்த்தேன், வரலை. எதுக்கு வந்தோம், என்ன கேக்க மறந்தோம்னு யோசிச்சுக்கிட்டே வந்தேன். அந்த மடத்துல பொம்பளைங்களும் இருந்தாங்க தம்பி, மூணு நாலு பேரு வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்தாங்க. அங்கயே தங்கறவங்களா, வந்து போறவங்களான்னு கேட்டிருக்கலாம். கேக்கலை. கேட்டு அவிய எடமில்லைன்னுட்டா? இல்லை, அவியெல்லாம் சரின்னு சொல்லி, இவரு வேண்டாம்னுட்டா? அவரு வேண்டாம்னு சொல்ற ஆளில்லைதான். உங்க இஷ்டம்பாரு.

இங்க வந்து பூட்டைத் தொறந்தேன். அது போன கார்த்திகையில.

இல்லீங்க, பையனுக்கு நீங்க இன்னிக்கு வர்றதைச் சொல்லலை. சொன்னா லீவு போட்டுக் கார் எடுத்துட்டு வருவான், பாவம். சாமானமா? அந்தச் சாக்குப் பித்தளை, பெட்டி, கட்டில், எல்லாம் எடுத்து வெளிய வெச்சுருங்க, நான் ஒண்ணும் குறுக்க வந்து படுத்துக்கமாட்டேன். பழைய சாமான்காரனுக்குச் சொல்லி வெச்சிருக்கறேன், வருவான். எனக்கு இந்த ஒரு பை போதும். இதுல ரெண்டு சேலை, சீப்பு, அவ்வளவுதான். ஊட்டைக் காலையிலயே கழுவி விட்டுட்டேன், ஒட்டடை அடிச்சுட்டேன். பொடக்காலியில மட்டும் கொஞ்சம் பாசி, அது போகலை, தேய்ச்சுப் பார்த்தேன்.

அதா, சத்தம் கேக்குது. லாரிதான். முன்னாடி ஆட்டோவும் வருது. போலீஸ்காரம்மா யாரையும் காணோமே? பரவாயில்லீங்க, எனக்கு எதுக்கு போலீசு.

ஹேமாவும் வந்திருக்குது. கொழந்தையைத் தூக்கிக்கிட்டு அங்கயே நிக்குது பாருங்க, உள்ள வர்றதுக்குத் தயங்கிக்கிட்டு. வா ஹேமா, உள்ள வா அம்மிணி. கொழந்தையை வெயில்ல வெச்சுக்கிட்டு நிக்காத. உன் ஊட்டுக்கு வர்றதுக்கு நான் என்ன சொல்லணும்? ஜெகதீசா, நீயும் வாப்பா. தரை இன்னும் ஈரம், மெதுவாக் காலை வை. பொண்ணு உன்ற சாடையாட்ட இருக்குது ஹேமா. பேரென்ன கண்ணு? நல்ல பேரு.

ஏன் கண்ணு அழுகறே? கோர்ட்டுல சொன்னாங்க, வந்திருக்கறாங்க, இதுல நீ என்ன பண்ணினே. அந்த மோட்டாருக்கு மொதல்ல தண்ணி ஊத்தோணும், அப்பா சொன்னது ஞாபகம் இருக்குதில்ல? சரி. அப்ப நான் வர்றேன் தம்பி, விசிறி அங்கயே இருக்கட்டும்.

என்ன ஹேமா? எங்க போறேனா?

பஸ் ஸ்டாப்புக்கு கண்ணு. இப்பத்திக்கு பஸ் ஸ்டாப்புக்குத்தான்.